கண்ணாடிச் சுவரைக் கழற்றிப் பனைத் தட்டி மாட்டிய கணக்கு

மட்டக்களப்பு கல்லடியில் அக்காவும் அத்தானும் நடத்தும் சிறிய விடுதியின் முன்மண்டபம் வாவியைப் பார்த்தபடி நிற்கிறது. 16 அடி அகலம், 8 அடி உயரம், தரையிலிருந்து விட்டம் வரை கண்ணாடியாக இருந்த சுவர். அதைக் கழற்றிவிட்டுச் சுழலும் பனஞ்சட்டத் தட்டிகள் மாட்டி, தரையையும் மாற்றி, ஒரு கச்சான் காற்றுக் காலம் கடந்தாகிவிட்டது, மாரியும் முடியப்போகிறது. ஓரத்தில் ஒன்று உரசுவதைத் தவிர, தட்டிகள் இன்னும் ஒரு கையால் திரும்புகின்றன, தரையில் உவர் பூக்கவில்லை. வாவிக்கரையில் புதுப்பாணிக் கட்டடம் எழுப்ப ஆசைப்படுகிறவர்கள் படங்களோடு இந்த அளவுகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

போருக்குப் பிறகு பாசிக்குடாவில் வரிசையாக எழுந்த ஹோட்டல்களைப் பார்த்து வந்த ஆசைதான் இந்தக் கண்ணாடி. வெள்ளைச் சுவர், மெல்லிய தூண், தண்ணீருக்கும் அறைக்கும் நடுவே எதுவுமே இல்லாதது போன்ற தோற்றம். ஆனால் பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் தண்ணீர் கிழக்கே இருக்கிறது. காலை வெயிலைத் தாங்கிவிட்டால், மதியத்துக்குப் பின் முன்பக்கம் கட்டடத்தின் நிழலிலேயே கிடக்கும். கல்லடியோ கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல் துண்டு. வாவியைப் பார்க்க வேண்டுமென்றால் மேற்கே திரும்பித்தான் ஆக வேண்டும். மதியம் இரண்டு மணி முதல் பொழுது சாயும்வரை வெயில் நேராகவும், தண்ணீரில் பட்டுத் திரும்பியும், இரண்டு முறை உள்ளே வரும்.

முதலில் கண்ணாடியில் கறுப்புப் பிலிம் ஒட்டிப் பார்த்தோம். வாவி மழைக்கால மாலை போல மங்கியதே தவிர, தொட்டுப் பார்த்தால் கண்ணாடி சுட்டது. பிறகு திரைச்சீலை. திரையை இழுத்து மூடிய அறையில் உட்கார்ந்திருக்க எதற்காக வாவிக்கரைக்கு வர வேண்டும் என்று ஒரு விருந்தாளி அக்காவிடமே கேட்டார். தாழ்வாரத்தை நீட்டலாம் என்பது அத்தானின் யோசனை. கூரைக்குக் கை வைக்கும் முன் முற்றத்தில் 3 அடித் தடி ஒன்றை நிறுத்தி நிழலை அளந்தேன். பங்குனி மாதம், மாலை நான்கு மணியளவில் நிழல் 5 அடியைத் தாண்டியது. அதாவது சூரியன் ஏறக்குறைய 30 பாகையில் நிற்கிறது. அந்தக் கோணத்தில் 4 அடித் தாழ்வாரம் போட்டாலும் சுவரின் மேல் 2 அடி 4 அங்குலத்துக்குத்தான் நிழல் இறங்கும். ஐந்து மணிக்கு ஓரடியைச் சற்றுத் தாண்டினால் பெரிது. மேற்கு முகத்தில் தாழ்வாரம் மழைக்கு உதவும், மாலை வெயிலுக்கு உதவாது. அந்தப் பணம் தப்பியது.

வெயிலை விடக் கொடியது கச்சான். வாவிக்கு மேலால் நேரே வந்து இந்தச் சுவரில்தான் மோதும். மாரியில் வாவித் தண்ணீர் மழையோடு கலந்து உப்புக் குறைந்திருக்கும், கோடையில் உப்பு ஏறும். உப்பு ஏறிய அந்த மாதங்களில்தான் காற்றும் தூவானத்தை அள்ளிக்கொண்டு வரும். அலுமினியச் சட்டத்தில் இறுக்கிய ஒவ்வொரு ஸ்டெயின்லெஸ் திருகாணியையும் சுற்றி வெள்ளைத் தூள் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது, அடியில் அலுமினியம் சிறு பள்ளங்களாகத் தின்னப்பட்டிருந்தது. திருகாணி மட்டும் புத்தம் புதிதாக மின்னியது. இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் வினைத்திறன் கூடியதுதான் கரையும், இங்கே அது அலுமினியம். நடுவில் நைலோன் வளையம் போட்டிருந்தால் பல வருடம் பிந்தியிருக்கும். கீழ்த் தண்டவாளத்தில் மணலும் உப்பும் சேர்ந்து உருளைகள் இறுகிவிட்டன. ஒரு கதவைத் தள்ள இருவர் வேண்டியிருந்தது.

கல்லடிப் பாலம் 1924 முதல் இதே காற்றில் இரும்போடு நிற்கிறதே என்று அத்தான் வாதாடினார். நிற்கிறதுதான். பாலத்தின் தகடுகளின் தடிப்பு வேறு, நம் கதவுச் சட்டத்தின் தடிப்பு வேறு. அது கொஞ்சம் கறலுக்குக் கொடுத்துவிட்டும் நிற்கும். ஒரு மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும் சட்டத்திடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது?

கண்ணாடியைக் கழற்றிய அன்றுதான் உண்மையான வேலை தெரிந்தது. தண்டவாளத்தின் அடியில் தேங்கிய தண்ணீர், தளத்தின் வெளி விளிம்புக்குள் இறங்கியிருந்தது. விளிம்பின் அடிப்பக்கத்தில் கம்பி ஓடும் கோட்டிலேயே நீள வெடிப்பு. சுத்தியலால் தட்டினால் பொத்தலான சத்தம். உடைத்துப் பார்த்தபோது 10 மில்லிமீற்றர்க் கம்பிகளை மூடியிருந்த கொங்கிரீட் முக்கால் அங்குலம்கூட இல்லை. கறல் பிடித்த இரும்பு ஊதிப் பெருக்கும், அந்த நெருக்கத்தில் கொங்கிரீட் பிளந்துவிடும்.

மேசன் மேலால் சாந்து பூசி மூடிவிடலாம் என்றார். அப்படிப் பூசியது அடுத்த மாரியில் கழன்று விழுவதை இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். கம்பியின் பின்புறம் விரல் நுழையும் அளவுக்குக் குடைந்து, நல்ல இரும்பு தெரியும்வரை இரண்டு பக்கமும் உடைத்துக்கொண்டு போனோம். கம்பித் தூரிகையால் தேய்த்தோம். பாதிக்கு மேல் மெலிந்திருந்த கம்பிகளை வெட்டி எறிந்து, புதுக் கம்பியை 16 அங்குலம் மேற்பொருத்திக் கட்டினோம். கம்பிக்கு வெளியே 2 அங்குலம் கொங்கிரீட் வரும்படி பலகை அடித்து வார்த்தோம். விளிம்பின் அடியில் அரை அங்குல நைலோன் கயிறு ஒன்றைப் பலகையில் ஆணியடித்து வைத்து வார்த்ததால், கயிற்றைப் பிடுங்கியதும் நீளக் குழி ஒன்று கிடைத்தது. மழைத்தண்ணீர் அந்தக் குழிவரை வந்து சொட்டிவிடும், உள்ளே ஊர்ந்து போகாது. முழுச் செலவில் மிக மலிவான வேலை அதுதான். வாவிக்கரையில் எத்தனை புதுக் கட்டடங்களில் அது இருக்கிறது என்று குனிந்து பார்த்தால் சிரிப்பு வரும்.

சாந்துக்குத் தண்ணீரும் ஒரு பேச்சு. கல்லடிக் கிணறுகளில் உவர் கலக்கும். குழாயில் வரும் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துவைத்துத்தான் குழைத்தோம். கழுவாத மணல் ஒரு பார வண்டி வந்திறங்கியது, திருப்பி அனுப்பினோம்.

இனி அந்த 16 அடி வாசலில் என்ன போடுவது? அக்காவுக்குப் புதுப்பாணித் தோற்றம் போய்விடக் கூடாது. எனக்கு ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் உள்ள பாராளுமன்றக் கட்டடம் நினைவில் இருந்தது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வரைந்து 1982இல் திறந்தது. நாற்புறமும் தண்ணீர், ஆனால் பார்த்தவுடன் கண்ணில் படுவது அகன்று விழும் செப்புக் கூரை. அவரே 1994இல் முடித்த கண்டலம ஹோட்டலில் குளத்தைப் பார்த்த முகம் முழுவதும் கொடிகளால் மூடிக்கிடக்கிறது. தண்ணீர்க் கரையில் பேர் வாங்கிய கட்டடங்கள் காட்சியை அப்படியே கொட்டிக் கொடுக்கவில்லை, மறைத்து மறைத்துத்தான் காட்டின. கொட்டிக் கொடுத்தால் வெயிலும் கூடவே வரும்.

முதல் மாதிரி நிலைக்குத்துச் சட்டங்கள். கணினிப் படத்தில் அழகு சொல்லி மாளாது. மூங்கில் வரிச்சுகளால் ஒரு துண்டைக் கட்டி வாசலில் சாய்த்து வைத்தோம். பங்குனியில் சூரியன் நேர் மேற்கே இறங்குவதால், மாலை நாலரைக்கெல்லாம் வெயில் கோடு கோடாகப் பின்சுவர்வரை போய் விழுந்தது. அந்தப் படம் அத்தோடு குப்பைக்குப் போனது.

இரண்டாவது மாதிரி கிடைச்சட்டங்கள், வெளி விளிம்பு கீழே தாழும்படி 45 பாகைச் சரிவு. வாவி நம் கண்ணுக்குக் கீழே இருக்கிறது, வெயில் மேலேயிருந்து வருகிறது. உட்கார்ந்திருப்பவர் சட்டங்களின் இடையால் கீழ்நோக்கித் தண்ணீரைப் பார்க்கலாம், வானம் மறைந்துவிடும். மழையும் வெளியே வழியும். சட்டம் 3 அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்பு. ஒரு சட்டத்துக்கும் அடுத்ததுக்கும் மையத்திலிருந்து மையம் 3 அங்குலம். இந்த அளவில் நேராகப் பார்த்தால் ஓரங்குலத்தில் மூன்றிலொரு பங்கு இடுக்குத்தான் தெரியும். சூரியன் ஏறக்குறைய 12 பாகைக்கு இறங்கும்வரை வெயில் நுழையாது, அதாவது மறைய முக்கால் மணி நேரம் இருக்கும்வரை. அதற்குப் பிறகு வரும் வெயிலுக்குச் சூடும் குறைவு, அதைப் பார்க்கத்தான் ஆட்களும் வருகிறார்கள். மாதிரியை வைத்த மாலையே அக்கா ஒப்புக்கொண்டார்.

வாசலை ஆறு தட்டிகளாகப் பிரித்தோம். ஒவ்வொன்றும் 7 அடி உயரம், 2 அடி 7½ அங்குல அகலம், 24 சட்டங்கள். மேலே மிஞ்சிய ஓரடியை மூடவில்லை. நைலோன் வலை மட்டும் அடித்து, சூடான காற்று வெளியேற விட்டுவிட்டோம். பூட்டுக்கும் நுளம்புக்கும் படுக்கையறைகள் பின்னால் தனியே இருப்பதால் இது முடிந்தது. படுக்கையறையே வாவியைப் பார்க்கிறதென்றால் இதை அப்படியே செய்யச் சொல்ல மாட்டேன்.

மரத்துக்குப் பழைய பனங்கைமரங்களைத் தேடினோம். பழைய வீட்டுக் கூரை பிரித்த இடத்தில் 4க்கு 2 அங்குலத்தில், 12 அடி நீளத்தில் கிடைத்தன. ஒன்றை நெடுக்காகப் பிளந்தால் தடிப்பில் இரண்டு சட்டம், நீளத்தில் ஐந்து, மொத்தம் பத்து. 144 சட்டங்களுக்குப் பதினைந்து போதும் என்றாலும் பதினெட்டு வாங்கினோம், ஒன்றுகூட மிஞ்சவில்லை. பனையில் வெளிச்சுற்றுத்தான் வைரம். உட்பக்கம் போகப் போகச் சோற்றி. பிளந்த பிறகு கறுப்பு நார் நெருக்கமாக ஓடும் துண்டுகளை மட்டும் பொறுக்கி, வெளிறியவற்றை ஒதுக்கினோம்.

காத்தான்குடியிலிருந்து வந்த தச்சர், ஓடாவி நானா, முதல் துண்டை இழைத்ததுமே இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார். “தம்பி, இது மரமில்லை, ஊசிக் கட்டு” என்றார். உண்மைதான். நாருக்கு எதிர்த்திசையில் அலகு பட்டால் ஊசி ஊசியாகக் கிளம்புகிறது. கையுறை இல்லாமல் தொட்டால் இரவு முழுவதும் விரல் வலிக்கும். கடைசியில் கார்பைட் பல் வாள் தட்டால் அறுத்து, இழைப்பதை விட்டுவிட்டு, 60ஆம் எண் மட்டத்தாளில் தொடங்கி 120இல் முடித்தோம். விளிம்புகளை எட்டில் ஒரு அங்குலம் மழுக்கினோம். கூர் விளிம்பாக விட்டால் அங்கிருந்துதான் நார் பிரியும்.

நிலைச்சட்டங்களுக்கு வீட்டில் கிடந்த பழைய முதிரைப் பலகை. அதில் 45 பாகையில் அரை அங்குல ஆழக் காடி வெட்ட வேண்டும், 288 காடிகள். நானா ஒட்டுப்பலகையில் ஒரு அச்சுச் செய்தார். ஒரு காடியை வெட்டி முடித்ததும் அச்சின் முளை அந்தக் காடிக்குள்ளேயே உட்காரும், அடுத்த காடிக்கு 3 அங்குலம் தானாக அமைந்துவிடும். பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு போயிருந்தால் இருபதாவது சட்டத்தில் அரை அங்குலம் ஓடியிருக்கும். சட்டங்களுக்கு ஆணியும் இல்லை, திருகாணியும் இல்லை. காடிக்குள் தளர்வாக உட்கார்ந்திருக்கின்றன, மரம் விரிந்து சுருங்க இடம் இருக்கிறது.

வார்னிஷ் அடித்த மாதிரித் துண்டு முற்றத்து வெயிலில் கிடந்து விரைவிலேயே உரிந்தது. அதனால் லின்சீட் எண்ணெய்தான். முதல் கை டேர்பன்டைன் பாதி கலந்து, அடுத்த கைகள் தனியே. எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் போட வேண்டும்.

தட்டி ஒவ்வொன்றும் 40 கிலோவை ஒட்டிய பாரம். நடுவில் மேலும் கீழும் முளை வைத்துச் சுழல விட்டோம். நடுவில் சுழன்றால் காற்று இரண்டு பாதியையும் ஒரே அளவில் தள்ளும், தட்டி படாரென்று அடிக்காது. முதலில் போட்டது கடையில் வாங்கிய இரும்புக் குண்டுப் பெயாரிங். ஒரு கச்சானுக்குக்கூட நிற்கவில்லை. பிறகு படகு இயந்திரம் திருத்துபவர்களுக்கு வேலை செய்யும் கடைசல் பட்டறையில் ஓரங்குலப் பித்தளைத் தண்டைக் கடைந்து முளைகள் செய்தோம். அரிசி ஆலைக்கு வாங்கும் நைலோன் உருளையிலிருந்து புஷ் வெட்டினோம். கீழ்ப் புஷ்ஷைத் தரையில் பதிக்காமல் ஓரங்குலம் உயர்த்திய கொங்கிரீட் கட்டியில் வைத்தோம், தண்ணீர் தேங்காது. எண்ணெயோ கிறீசோ போடவில்லை. போட்டால் மணல் ஒட்டும்.

திருகாணி வாங்கும்போது ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி எல்லாவற்றையும் தருவார்கள். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, 304ம் 316ம் பெரும்பாலும் ஒட்டாது. போல்ட்டின் தலையில் ஏ2 என்றிருந்தால் 304 வகை, ஏ4 என்றிருந்தால் 316 வகை. பின்னதில் மொலிப்டினம் சேர்வதால் உப்பைத் தாங்கும். தலையைப் பார்த்து வாங்குங்கள்.

அத்தானின் அம்மா வந்து தட்டியைத் தடவிப் பார்த்தார். “78 சூறாவளிக்கு இது நிற்குமா மகன்?” என்று கேட்டார். 1978 நவம்பரைக் கண்டவர்களுக்கு இந்த ஊரில் எந்தக் கட்டடத்துக்கும் அளவுகோல் அதுதான். நிற்கும் என்று நான் சொல்லவில்லை. மேலும் கீழும் அரை அங்குலத் தாழ்ப்பாள் இருப்பதையும், சட்டங்களின் இடையால் காற்றுப் போய்விடும் என்பதையும் காட்டினேன். “கண்ணாடி என்றால் எங்கள் கழுத்துக்கு வந்திருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தரையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பளபளக்கும் வெள்ளை ஓடுகளின் இணைப்புகளில் உவர் பூத்துக்கொண்டே இருந்தது, மாலையில் அவற்றின் கூச்சம் வேறு. பெயர்த்தெடுத்தபோது அடியில் பொலித்தீன் இல்லை. 2011 ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வளவில் கேட்டுச் சுவரில் குறித்துக்கொண்டோம். பழைய தளம் அதற்கு மேலேதான் இருந்தது. தடித்த பொலித்தீன் விரித்து, மடிப்புகளில் ஓரடி மேற்பொருத்தி, 1:2:4 கலவையில் 3 அங்குலம் வார்த்து, ஈரம் வற்றும் முன் சீமெந்துத் தூள் தூவிக் கரண்டியால் இழுத்து மினுக்கினோம். 4 அடிச் சதுரங்களாகப் பித்தளைப் பட்டி போட்டுப் பிரித்ததால் வெடிப்புப் பட்டியோடு நின்றுவிட்டது. ஈரச் சாக்குப் போட்டு ஒரு கிழமை நனைத்து, பிறகு மெழுகு தடவிப் பொச்சுமட்டையால் தேய்த்தோம். சாம்பல் தரையில் தட்டியின் இடுக்கால் வரும் ஒளி வரி வரியாக விழுகிறது. இதற்கு மேல் அலங்காரம் எதுவும் வேண்டாம் என்று சுவரில் தொங்கிய படங்களையும் எடுக்கச் சொன்னேன். அக்கா இரண்டை மட்டும் விடவில்லை.

இருக்கைகளைத் தாழ்த்தியதுதான் உள்ளே செய்த பெரிய மாற்றம். பின்சுவரோடு 15 அங்குல உயரத்தில் சீமெந்துக் குந்து. அதில் உட்கார்ந்தால் கண் மூன்றரை அடியைச் சற்றுத் தாண்டும், அந்த உயரத்திலிருந்து தட்டி மூடியிருக்கும்போதும் கரையோரத் தண்ணீரும் தோணிகளும் தெரிகின்றன. தட்டியை முழுதாகத் திருப்பினால் உள்ளே 1 அடி 4 அங்குலம் வரும். அந்த இடத்தில் கதிரை போட்டால் இடிக்கும்.

செலவு: விளிம்புக் கொங்கிரீட் 38,000 ரூபாய். கைமரங்கள் 63,000. அறுப்பும் ஓடாவி கூலியும் 90,000. பித்தளை முளையும் புஷ்ஷும் 54,000. ஏ4 போல்ட்டுகள் 11,000. எண்ணெய் 12,000. தரை, 320 சதுர அடி, 145,000. மொத்தம் 413,000. கழற்றிய கண்ணாடியும் அலுமினியமும் 60,000க்குப் போயின. அதே இடத்தில் தடித்த அலுமினியத்தில் புதுக் கண்ணாடி போட ஆறரை இலட்சம் கேட்டிருந்தார்கள். குளிரூட்டி நின்றதால் மின்கட்டணத்தில் மிஞ்சுவது தனிக் கணக்கு.

குறைகளும் உண்டு. 144 சட்டங்களிலும் தூசி படிகிறது, சிலந்தி கட்டுகிறது. கச்சான் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் பீச்ச வேண்டியிருக்கிறது. அடுத்த முறை தட்டியின் அகலத்தை 2 அடிக்குக் குறைப்பேன், பாரமும் குறையும், உள்ளே நீட்டுவதும் குறையும். சட்டங்களைக் காடியில் நிரந்தரமாகச் சிறைவைக்காமல், ஒருபக்க நிலைச்சட்டத்தைப் போல்ட் கழற்றிப் பிரிக்கும்படி செய்வேன். இப்போது ஒரு சட்டம் உடைந்தால் தட்டியையே பிரிக்க வேண்டும். இரண்டு தட்டிகளுக்கு நடுவே விட்ட எட்டில் ஒரு அங்குல இடைவெளி மாரிக்குப் போதவில்லை. வடக்கு ஓரத் தட்டி ஊறி உரசுகிறது. அங்கே இரட்டிப்பாக விட வேண்டும். தை மழை விட்டு மரம் காய்ந்ததும் நானா வந்து சீவித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதே வருகையில் குளியலறைக் கதவையும் பார்ப்பார், அதன் பிணைச்சல் இன்னும் பழைய இரும்புதான்.